விளையாட்டு விதிகளும் மாற்றுத்திறன் வீரர்களும்

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மாவட்டத் தலைநகரில் நடைபெற்ற பள்ளி விளையாட்டு விழாவில், ஓட்டப் பந்தயங்களைத் தொடங்கி வைக்கும் நடுவராகப் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 200 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓட வந்தவர்களுள் ஒருவன் செவிப்புலன் அற்ற மாணவன். பந்தயம் தொடங்குமுன் அவனுடைய ஆசிரியர் என்னிடம் வந்து, துப்பாக்கி வெடிக்கும் அதே கணத்தில் ஒரு கொடியையும் தாழ்த்தினால் பையனுக்கு உதவியாக இருக்கும் என்று பணிவுடன் கேட்டுக்கொண்டார். என் கையிலிருந்த விதிப் புத்தகத்தில் கொடியைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்று கூறி நான் மறுத்துவிட்டேன். பையன், தனக்கு முன்னால் வெளித்தடத்தில் நின்றவனின் பாதத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாதம் பெயர்ந்த பின்னரே தானும் புறப்பட்டான். அவன் நான்காவதாக வந்தான். மூன்றாவதாக வந்தவனுக்கும் அவனுக்கும் இடையே ஒரு முழத் தூரமும் இல்லை. முதல் மூவரே அடுத்த கட்டப் போட்டிக்குச் செல்லத் தகுதி பெற்றனர்.

அன்று நான் நடுநிலை தவறாது நடந்துகொண்டதாகவே எண்ணினேன். அவ்வெண்ணம் பிழையானது என்பதை உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது. விளையாட்டு என்பது இன்று பொழுதுபோக்கு மட்டுமன்று. பலருக்கு அது தொழில். வேறு பலருக்கு அது கல்லூரியிலும் அலுவலகத்திலும் இடம் பெற்றுத் தரும் வழி. அத்தொழிலின் முதற்படி பள்ளி மைதானத்திலேயே அமைந்திருக்கிறது. அங்கே ஒருவன் தடுக்கப்பட்டால், மேற்படிகளில் உள்ள நீதி அவனுக்கு எவ்விதத்திலும் பயன்படாது. ஆகவே உடற்குறையுள்ள வீரர்களுக்காக விளையாட்டு விதிகளை எவ்வளவு தூரம் தளர்த்தலாம் என்னும் கேள்வி, பெரும் சங்கங்களையும் நீதிமன்றங்களையும் போலவே, இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்களையும் களப்பணியாளர்களையும் சார்ந்ததாகும்.

ஒலியும் புகையும்

முதலில் என் துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். ஓட்டம் ஒலியைக் கேட்டே தொடங்க வேண்டும் என்பது இயற்கை நியதி போல நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதே மைதானத்தில் முடிவுக் கோட்டருகே கடிகாரத்துடன் நின்ற காலக்கணிப்பாளர்கள் ஒலியை நம்பவில்லை. துப்பாக்கியின் புகையையோ சுடரையோ கண்டவுடன் கடிகாரத்தை ஓடவிட வேண்டும் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட விதி. காரணம் எளிது. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 100 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு அது போய்ச்சேர ஏறத்தாழ 0.3 வினாடி ஆகும். ஒளியோ கணக்கிட இயலாத விரைவில் சென்றுவிடுகிறது. ஒலியை நம்பினால் காலக்கணிப்பு பிழைபடும் என்று அறிந்திருந்த நாங்கள், கண்ணால் காண்பதை அவர்களுக்கு விதியாக்கினோம்.

மற்றொன்றும் உண்டு. 400 மீட்டர் ஓட்டத்தில் எட்டாவது தடத்தில் நிற்பவர், முதல் தடத்தில் நிற்பவரைவிட 50 மீட்டருக்கும் மேல் முன்னால் நிற்கிறார். துப்பாக்கி உட்புறத்தில் வெடித்தால், வெளித்தடத்தில் உள்ளவருக்கு அவ்வொலி 0.1 வினாடிக்கும் மேல் தாமதித்தே எட்டும். இந்த அநீதியைப் போக்கும் பொருட்டு, பெரிய போட்டிகளில் ஒவ்வொரு வீரரின் பின்னாலும் ஒரு சிறு ஒலிபெருக்கியை வைக்கின்றனர். அதாவது, செவியுள்ள ஒருவருக்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி நட்டமாகிறது என்று கண்டவுடன், பணமும் கருவியும் செலவிட்டு அதைச் சரிசெய்தார்கள். அதைச் சலுகை என்று எவரும் சொல்லவில்லை. சீரான ஏற்பாடு என்றே சொன்னார்கள். செவிப்புலன் அற்றவருக்கு ஒரு விளக்கையோ கொடியையோ காட்டும்போது மட்டும் அது சலுகை என்னும் பெயரைப் பெறுவதேன்?

விளக்கைக் கண்டு ஓடுபவர் அதிக ஆதாயம் அடைவாரோ என்னும் ஐயமும் எழலாம். உடலியல் அறிஞர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை இதற்கு விடை தருகிறது. ஒலியைக் கேட்டு அசைவதைவிட, ஒளியைக் கண்டு அசைவதற்கு மனிதனுக்கு நூற்றில் சில பங்கு வினாடி மிகுதியாகவே பிடிக்கிறது. ஆகவே விளக்கு அவருக்கு ஆதாயம் தருவதில்லை. அவருடைய நட்டத்தின் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது, அவ்வளவே. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த செவிப்புலன் அற்ற நீச்சல் வீரர் டெரன்ஸ் பார்க்கின், மின்னொளியைக் கண்டு நீரில் பாய்ந்து, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவருடன் நீந்திய எவரும் அவ்வொளியால் சிறிதும் இழக்கவில்லை.

வண்டி வேண்டிய ஆட்டக்காரர்

எல்லா வழக்குகளும் இவ்வளவு எளியவை அல்ல. கடினமான ஒன்றை ஆராய்ந்தால்தான் கோட்பாடு தெளிவாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கேசி மார்ட்டின் என்னும் கோல்ஃப் ஆட்டக்காரர் இருந்தார். பிறவியிலேயே அவருடைய வலக்காலில் இரத்த ஓட்டம் சீராக இல்லை. காலிலிருந்து இரத்தம் இதயத்திற்குத் திரும்புவது தடைப்பட்டதால், நடக்க நடக்க வலி மிகும். எலும்பு முறியவோ இரத்தம் கட்டிக்கொள்ளவோ கூடும். காலையே இழக்க நேரும் அபாயமும் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் படித்த காலத்தில், ஆட்டக்காரர்கள் நடந்தே செல்ல வேண்டும், தம் கோல்களைத் தாமே சுமக்க வேண்டும் என்னும் விதிகளைக் கல்லூரி விளையாட்டு அமைப்புகள் அவர் பொருட்டுத் தளர்த்தின. அவர் ஆடிய அணி 1994-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கான சாம்பியன் பட்டத்தை வென்றது.

அவர் தொழில்முறை ஆட்டக்காரரான பின்னர் நிலைமை மாறியது. பி.ஜி.ஏ. டூர் என்னும் தொழில்முறை அமைப்பு, தன் முதன்மைப் போட்டிகளில் சிறு மோட்டார் வண்டியில் ஏறிச்செல்ல அவருக்கு அனுமதி தர மறுத்தது. அந்நாட்டில் 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் அவர் வழக்குத் தொடுத்தார். நடப்பதால் உண்டாகும் களைப்பும் போட்டியின் ஒரு பகுதியே என்பது அமைப்பின் வாதம். ஆர்னால்டு பாமர், ஜாக் நிக்லஸ், கென் வெஞ்சுரி ஆகிய பெரும் ஆட்டக்காரர்கள் அவ்வாதத்திற்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தனர். அவர்களுடைய சொல் எளிதில் தள்ளத்தக்கது அன்று. வெஞ்சுரி 1964-ஆம் ஆண்டில் கடும் வெயிலில் மயங்கி விழும் நிலையில் நடந்து ஆடி, தம் நாட்டின் திறந்த போட்டியை வென்றவர்.

கீழ் நீதிமன்றம் இக்கேள்வியை அனுபவத்தோடு விட்டுவிடாமல் அளவையோடும் ஆராய்ந்தது. உடலியல் பேராசிரியர் ஒருவர் சாட்சியம் அளித்தார். ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 5 மைல் தூரத்தை, இடையிடையே ஓய்வெடுத்து, ஏறத்தாழ 5 மணி நேரத்தில் ஆட்டக்காரர் நடந்து கடக்கிறார். அதில் செலவாகும் சக்தி ஏறத்தாழ 500 கலோரி. ஒருவேளைச் சிற்றுண்டியே அதை ஈடுசெய்துவிடும். வண்டியில் சென்றாலும் மார்ட்டின் ஓர் ஆட்டத்தில் 1 மைலுக்கு மேல் நடந்தே தீர வேண்டும். வலியுள்ள காலுடன் அவர் நடக்கும் அந்த ஒரு மைல், நலமுள்ளவர்கள் நடக்கும் ஐந்து மைல்களைக் காட்டிலும் மிகுந்த களைப்பைத் தருவது என்று நீதிமன்றம் கண்டது.

2001-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 7 நீதிபதிகள் ஒருபுறமும் 2 நீதிபதிகள் மறுபுறமுமாக, மார்ட்டினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையினரின் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் வகுத்த அளவுகோல் நாம் மனத்தில் இருத்தத்தக்கது. ஒரு மாற்றம் இரு வகையில் ஆட்டத்தைக் கெடுக்கலாம். ஆட்டத்தின் அடிப்படை அம்சத்தையே மாற்றுவது ஒன்று. எல்லார்க்கும் குழியின் விட்டத்தை இருமடங்காக்கினால், அனைவர்க்கும் அது சமமே எனினும், அது வேறோர் ஆட்டமாகிவிடும். மாற்றம் பெற்றவருக்குப் பிறரினும் மேலான ஆதாயத்தைத் தந்து போட்டியின் தன்மையைக் குலைப்பது மற்றொன்று. வண்டியில் செல்வது இவ்விரண்டையும் செய்யவில்லை. கோல்ஃபின் சாரம் பந்தைக் கோலால் அடித்து, இயன்றவரை குறைந்த அடிகளில் குழியில் சேர்ப்பதே. மூத்தோர் போட்டிகளிலும், தகுதிப் போட்டிகளின் முதல் இரு கட்டங்களிலும் அதே அமைப்பு வண்டியை அனுமதித்து வந்தது என்பதும் நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்தது. எல்லாவற்றினும் முக்கியமாக, விதியைப் பொதுப்பட நோக்குவது போதாது, இந்த ஒருவருக்கு இந்த ஒரு மாற்றம் என்ன செய்யும் என்று தனித்தனியே ஆராய வேண்டும் என்று அத்தீர்ப்பு வற்புறுத்தியது.

எதிர்வாதமும் அதன் எடையும்

மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி அன்டனின் ஸ்காலியா எழுப்பிய ஆட்சேபத்தை நாம் ஒதுக்கிவிடலாகாது. விளையாட்டு விதிகள் அனைத்துமே மனிதர் தம் விருப்பப்படி வகுத்தவை. அவற்றுள் இது சாரம், இது சாரமன்று என்று பிரிக்க நீதிமன்றத்திற்கு என்ன அளவுகோல் உண்டு என்று அவர் கேட்டார். நாளை, கவனக்குறைவுள்ள ஒரு சிறுவனுக்குப் பேஸ்பாலில் மூன்றுக்குப் பதிலாக நான்கு வாய்ப்புகள் தர வேண்டும் என்று பெற்றோர் வழக்குத் தொடுப்பர் என்றும் அவர் எச்சரித்தார்.

இவ்வாட்சேபத்தில் ஓர் உண்மை உண்டு. விதிகள் மனிதர் வகுத்தவையே. ஆயினும் மனிதர் எதையும் ஒரு நோக்கத்தோடே வகுக்கின்றனர். பேஸ்பாலில் பந்தைக் கண்டு அடிக்கும் திறனையே மூன்று வாய்ப்புகள் அளக்கின்றன. நான்காவது வாய்ப்பு அந்த அளவையையே மாற்றிவிடும். அதே சிறுவனுக்குப் பயிற்சியாளரின் கட்டளையை இருமுறை எடுத்துச் சொல்வதோ, எழுதிக் காட்டுவதோ எதையும் மாற்றாது. ஆகவே ஸ்காலியாவின் உதாரணமே அக்கோட்பாட்டைத் தெளிவாக்குகிறது எனலாம். தீர்ப்பு வந்த பின் தொழில்முறைக் கோல்ஃப் மைதானங்கள் வண்டிகளால் நிறைந்துவிடவும் இல்லை. 2023-ஆம் ஆண்டு முதல், பார்வையற்றோர், உறுப்பிழந்தோர், சக்கர நாற்காலியில் இயங்குவோர் ஆகியோருக்கான மாற்றங்கள் கோல்ஃப் விதிப் புத்தகத்திலேயே 25-ஆம் விதியாக இடம்பெற்றுள்ளன.

தவறாகப் பயன்படுத்துவார்கள் என்னும் அச்சமும் முற்றிலும் ஆதாரமற்றதன்று. கிரிக்கெட்டில், ஆட்டத்தின்போது காயமுற்ற மட்டையாளருக்காக வேறொருவர் ஓடுவது நெடுங்கால வழக்கம். களைப்புற்றவர்களும் அதைப் பயன்படுத்துகின்றனர் என்னும் புகார் எழவே, சர்வதேச ஆட்டங்களில் 2011-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அது நீக்கப்பட்டது. ஒருவர் உண்மையாகவே காயமுற்றாரா என்று நடுவர் அந்தக் கணத்தில் முடிவு செய்ய வேண்டியிருந்ததே அங்குள்ள தொல்லை. நிலையான உடற்குறையோ முன்னரே மருத்துவச் சான்றினால் அறியத்தக்கது. ஆதலின் அங்கே ஏற்பட்ட தொல்லையைக் காட்டி இங்கே கதவை அடைப்பது பொருந்தாது.

மறுக்க வேண்டிய இடமும் உண்டு

எல்லா வேண்டுகோளையும் ஏற்க வேண்டும் என்பது என் கருத்தன்று. தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கர் பிஸ்டோரியஸ், இரு முழங்கால்களுக்குக் கீழும் கால்கள் இல்லாதவர். கரிநார்த் தகடுகளால் ஆன செயற்கைக் கால்களில் ஓடினார். பின்னாளில் கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர் அவர். எனினும் அவருடைய ஓட்டத்தைப் பற்றி எழுந்த விஞ்ஞானக் கேள்வி அவருடைய நடத்தையைச் சார்ந்ததன்று. ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனையை ஆதாரமாகக் கொண்டு, 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் உலகத் தடகள அமைப்பு அவரைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. அதே ஆண்டு மே மாதத்தில், விளையாட்டுக்கான நடுவர் மன்றம் அம்முடிவை நீக்கியது. நேர்த்தடத்தில் முழுவேகத்தில் ஓடும் நிலையை மட்டுமே அச்சோதனை ஆராய்ந்தது. புறப்படும்போதும் வேகம் பிடிக்கும்போதும் அவருக்கு உண்டாகும் நட்டத்தை அது கணக்கில் கொள்ளவில்லை என்பது மன்றம் கண்ட குறை. ஆதாயம், நட்டம் இரண்டையும் கூட்டிக் கழித்து நிகர ஆதாயம் உண்டென்று மெய்ப்பிக்கப்படவில்லை. 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அவர் 400 மீட்டர் ஓட்டத்தின் அரை இறுதி வரை ஓடினார்.

பின்னர், செயற்கைக் காலால் தமக்கு ஆதாயம் இல்லை என்று வீரரே மெய்ப்பிக்க வேண்டும் என்று தடகள அமைப்பு விதியை மாற்றியது. அமெரிக்க வீரர் பிளேக் லீப்பரின் வழக்கில், 2020-ஆம் ஆண்டு அக்டோபரில், அந்தப் பொறுப்பை வீரர் மீது சுமத்துவது செல்லாது என்று அதே நடுவர் மன்றம் கூறியது. விலக்க விரும்பும் அமைப்பே ஆதாயத்தை மெய்ப்பிக்க வேண்டும். ஆயினும் அவ்வழக்கில் அமைப்பு அதை மெய்ப்பித்தது. லீப்பரின் தகடுகள் அவருடைய உடலுக்கு இயல்பாகப் பொருந்தும் உயரத்தினும் மிகையாக அவரை உயர்த்தின என்றும், அதனால் அவர் நிகர ஆதாயம் அடைந்தார் என்றும் மன்றம் கண்டது. அவர் அத்தகடுகளோடு ஓட அனுமதி பெறவில்லை.

இவ்விரு வழக்குகளும் முரண்பட்டவை போலத் தோன்றினும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. தோற்றத்தைக் கண்டு முடிவு கட்டாதே, அளந்து பார் என்பதே அது. மறுப்பவரே காரணத்தைக் காட்ட வேண்டும். என் மைதானத்தில் நான் இவ்விரண்டையும் செய்யவில்லை. எதையும் அளக்கவில்லை, காரணமும் காட்டவில்லை, புத்தகத்தைக் காட்டினேன்.

தாமே மாறிக்கொண்டவர்கள்

நம் நாட்டில் உடற்குறையை வென்று புகழ்பெற்ற வீரர்களைக் குறித்து நாம் பெருமையுடன் பேசுகிறோம். மன்சூர் அலி கான் பட்டோடி 1961-ஆம் ஆண்டில் மோட்டார் விபத்தொன்றில் வலக்கண்ணின் பார்வையை இழந்தார். அதே ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடினார். அடுத்த ஆண்டில் 21 வயதிலேயே அணித்தலைவரானார். பி.எஸ். சந்திரசேகர் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலக்கையாலேயே பந்து வீசி, 58 டெஸ்ட் ஆட்டங்களில் 242 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இவர்களைப் போற்றுவது முறையே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களுக்காக எந்த விதியும் மாற வேண்டியிருக்கவில்லை; இவர்களே தம்மை மாற்றிக்கொண்டனர். இத்தகையோரின் வரலாற்றை மட்டும் மாணவர்க்குச் சொல்லிக்கொண்டிருந்தால், மனவுறுதி இருந்தால் எவரும் வெல்லலாம், வெல்லாதவர் மனவுறுதி அற்றவர் என்னும் தவறான முடிவுக்கு அவர்கள் வரக்கூடும். என் பந்தயத்தில் ஓடிய பையனுக்கு மனவுறுதி குறைவாக இருக்கவில்லை. குறைவாக இருந்தது ஒரு கொடி.

விதியே வளைந்து கொடுத்த உதாரணங்களையும் நாம் சொல்ல வேண்டும். மேசைப் பந்தாட்டத்தில், பந்தைத் திறந்த உள்ளங்கையில் வைத்து, 16 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மேலே எறிந்து தொடக்க அடி அடிக்க வேண்டும். உடற்குறையால் ஒருவர் இவ்வாறு செய்ய இயலாது என்று நடுவர் கண்டால் அந்நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று அவ்வாட்ட விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வல முன்கை இன்றிப் பிறந்த போலந்து நாட்டு வீராங்கனை நடாலியா பார்டிகா, பந்தை முழங்கை மடிப்பில் வைத்து எறிந்து, 2008 முதல் நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஏனையோருடன் சமமாக ஆடினார். சதுரங்கத்தில், பார்வையற்ற ஒருவர் பார்வையுள்ளவருடன் ஆடும்போது, தொட்டறியத்தக்க தனிப்பலகை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இருவரும் தம் நகர்த்தல்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவற்றுக்குச் செலவு மிகச் சிறிது. ஆட்டத்தின் சாரத்திற்கு இழப்பு எதுவும் இல்லை.

நம் கடமை

உடற்குறையுள்ளோருக்குப் பாராலிம்பிக் முதலிய தனிப் போட்டிகள் இருக்கின்றனவே, அவை போதாவோ என்று சிலர் கேட்பர். அவை தேவையானவை, அவற்றால் விளைந்த நன்மை பெரிது. 2024-ஆம் ஆண்டு பாரிஸில் இந்திய வீரர்கள் 29 பதக்கங்கள் பெற்றனர். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலக்கால் சிதைந்தவர். 2016-ஆம் ஆண்டு ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அவரை உயரத் தாண்டுதலில் ஊக்குவித்தவர் அவருடைய பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரே. தனிப் போட்டியே தக்க இடமாக அமையும் வீரர் பலர் உளர். ஆனால் பொதுப் போட்டியில் கலந்துகொள்ளும் திறனும் விருப்பமும் உடைய ஒருவரை, வேறு இடம் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்குத் தனிப் போட்டி ஒரு சாக்காக அமையலாகாது.

நம் சட்டமும் இதையே கூறுகிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-ஆம் ஆண்டில் ஏற்று உறுதி செய்தது. அதன் வழியில் இயற்றப்பெற்ற 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை உடற்குறைகளையும் மனக்குறைகளையும் ஏற்கிறது. தேவையானதும் பொருத்தமானதுமான மாற்றங்களை, அளவுக்கு மீறிய சுமை நேராதவாறு செய்து தருவதே நியாயமான ஏற்பாடு என்று அது வரையறுக்கிறது. அதன் 30-ஆம் பிரிவு விளையாட்டுக்கென்றே அமைந்தது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கு கொள்ளும் உரிமையை விளையாட்டு அமைப்புகள் உரியவாறு ஏற்க வேண்டும் என்றும், பயிற்சி முறைகளையும் மைதான வசதிகளையும் அவர்களுக்கு ஏற்பத் திருத்தி அமைக்க வேண்டும் என்றும் அது பணிக்கிறது. சட்டம் தலைநகரில் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வர வேண்டிய இடமோ நம் கிராமத்து மைதானம்.

அங்கே நடுவராக நிற்கும் ஆசிரியர் நான்கு கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. முதலாவது, இந்தப் போட்டி எதை அளக்கிறது? வேகத்தையா, குறி தவறாமையையா, தாண்டும் ஆற்றலையா? இரண்டாவது, தடையாக நிற்கும் விதி அந்த அளவையைச் சேர்ந்ததா, அல்லது வசதிக்காகவோ வழக்கத்தாலோ வந்ததா? மூன்றாவது, இந்த மாணவருக்கு எந்தச் சிறு மாற்றம் போதும்? இதனை அவரிடமே கேட்டறிய வேண்டும். தமக்குத் தேவையானதை அவரினும் நன்கு அறிந்தவர் வேறு எவருமிலர். நான்காவது, அம்மாற்றம் அவருடைய தடையை நீக்குவதோடு நின்றுவிடுகிறதா, அல்லது பிறரினும் மேலாக அவரை உயர்த்திவிடுகிறதா? நான்காவது கேள்விக்கு ஐயம் எழுந்தால், பயிற்சி ஓட்டத்தில் அளந்து பார்க்கலாம். மைதானமும் கடிகாரமும் நம்மிடமே இருக்கின்றன.

வேண்டுகோளைப் போட்டிக்குப் பல நாட்கள் முன்னரே எழுத்து மூலம் பெற்று, முடிவையும் காரணத்துடன் எழுதித் தருவது நன்று. கடைசி நிமிடத்தில் மைதானத்தில் எழும் வேண்டுகோளை அஞ்சி மறுப்பதே மனித இயல்பு. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்திலேயே, தங்களுக்கு ஏதேனும் ஏற்பாடு தேவையா என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அச்சத்திற்கும் அவசரத்திற்கும் இடமில்லாமல் போகும். களப்பணியாளர்கள் தம் வட்டாரத்துப் பள்ளிகளில் அப்படிவத்தைப் பார்க்கும்போது இவ்வரி இருக்கிறதா என்று கவனிக்கலாம். செவிப்புலன் அற்றவருக்குக் கொடி, பார்வை குன்றியவருக்கு வழிகாட்டும் ஓட்டத்துணை, நீரிழிவு நோயுள்ள குழந்தைக்கு ஆட்டத்தின் நடுவே இரத்தச் சர்க்கரையைச் சோதித்துச் சிறிது உண்ண இடைவேளை ஆகியவற்றை எந்தப் பள்ளியும் இன்றே செய்யத் தொடங்கலாம்.

கேசி மார்ட்டின் நீதிமன்றத்தில் வெற்றி பெற்றார். ஆனால் அவர் நீதிமன்றத்தின் வாயிலை அடையும் அளவுக்கு ஆட்டத்தில் உயர்ந்ததற்கு, கல்லூரிப் பருவத்தில் அவருக்காக விதியைத் தளர்த்தியவர்களும் ஒரு காரணம். அவர்கள் மறுத்திருந்தால் வழக்கே எழுந்திராது. உலகம் அவருடைய பெயரையும் அறிந்திராது. மைதானத்திலேயே திருப்பி அனுப்பப்பட்ட வீரர்கள் எத்தனை பேர் என்பதை எந்தத் தீர்ப்பும் பதிவு செய்வதில்லை.

என் பந்தயத்தில் நான்காவதாக வந்த பையன் மறு ஆண்டு ஓட வரவில்லை. அவன் மூன்றாவதாக வந்திருப்பான் என்று நான் உறுதி கூற இயலாது. ஒருவேளை வந்திராமலும் இருக்கலாம். அதை அளந்து அறியும் வாய்ப்பை நானே கெடுத்துவிட்டேன் என்பது மட்டும் உறுதி. அதன் பின்னர் நான் நடுவராக நின்ற பந்தயங்களில் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் சிவப்புக் கொடியும் ஏந்தி நின்றேன். கேட்டவருக்கும் கேளாதவருக்கும் ஓட்டம் ஒரே கணத்தில் தொடங்கியது. விதிப் புத்தகத்தைக் காட்டி எவரும் என்னிடம் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.